மதகுக்காரர் கேட்காத கேள்வி

ரோட்டர்டாம்,
14 செப்டம்பர் 1909

அன்புள்ள நேல்ச்சே அக்காவுக்கு,

நான் சுகம், சளி விட்டுவிட்டது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? மதகுக்குப் போகும்போது கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு போகிறாரா, இல்லை வழக்கம்போல் அது ஆணியில் தொங்குகிறதா?

அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில் ஆபீஸ், வீட்டுக்காரம்மா, மழை எல்லாம் உண்டு. இந்தத் தாள் உனக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கிளப்பின் முதல் அணியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முன்வரிசையில் நடு ஆள் நான்தான். போன ஞாயிறு முதல் ஆட்டம். மூன்று கோல் போட்டேன். ஆட்டம் முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு கனவான் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். கையைத் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கையே போய்விட்டது.

பயப்படாதே. பத்திரிகையில் டீலமான் என்ற பெயர் வராது. ஆட்டத்துக்கு முன் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல தெரியக் கூடாதுன்னா சொல்லுங்க, சங்கடமே வேண்டாம். இங்க பாதிப் பேருக்கு ரெண்டு பேரு இருக்கு. கோல்கீப்பர் ஒரு போதகரோட பிள்ளை" என்றார். வாயைத் திறந்தேன், அம்மா பிறந்த வீட்டுப் பெயர் வந்தது. காஸ்டலைன். அம்மா வேறு தீவுக்காரி, நம் ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் இல்லை. முழுப் பொய் சொன்ன மாதிரியும் இல்லை. திங்கட்கிழமைப் பத்திரிகையில் 'காஸ்டலைனின் இடது கால்' என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் தம்பி,
மரீனஸ்


வெஸ்ட்பிளாட்,
26 செப்டம்பர்

அன்புத் தம்பி மரீனஸுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். கழுத்துத் துணி ஆணியில்தான் இருக்கிறது. அதற்கு இருமல் வராமல் ஆணி பார்த்துக்கொள்கிறது.

உன் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் நாலு தரம் படித்தது என் தப்பு. மூன்று கோல் என்பது அதிகமா? எனக்குத் தெரியாது. நீ பீற்றிக்கொள்வதைப் பார்த்தால் அதிகம் போலத்தான் இருக்கிறது.

இனி நான் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் சபைச் சான்று இன்னும் நம் ஊர்க் கோயில் பெட்டியில்தான் கிடக்கிறது. ஊரை விட்டுப் போகிறவன் அதைக் கையோடு வாங்கிப் போய்ப் புது ஊர்ச் சபையில் கொடுக்க வேண்டும். நீ வாங்காமலே போய்விட்டாய். அது இங்கே இருக்கிற வரை உன்னை விசாரிக்க வேண்டியவர்கள் நம் ஊர் மூப்பர்கள். அந்த நாலு பேரில் ஒருவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

ஒருவன் ஓய்வுநாளை மீறுகிறான் என்று ஒரு மூப்பருக்குத் தெரிந்துவிட்டால் அவர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். செருப்புத் தைக்கிற யோஸ்ட் ஞாயிற்றுக்கிழமை புறாப் பந்தயம் பார்க்க சைக்கிளில் போனார் என்ற பேச்சு வந்தது. நேராக அவர் வீட்டுக்குப் போய், "போனியா யோஸ்ட்?" என்று கேட்டவர் அப்பா. "போனேன்" என்றார் யோஸ்ட். அவ்வளவுதான். மூன்று வருடமாகத் திருவிருந்து நாளில் அப்பமும் ரசமும் மறுக்கப்பட்டு யோஸ்ட் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இருவரும் சின்ன வயதிலிருந்து சிநேகிதம். அப்பா ஆள் பார்த்துச் சட்டம் பேசுகிறவர் இல்லை.

சான்றை எழுதி வாங்கிக்கொள். நவம்பரில் மூப்பர்கள் வீடு வீடாக வருவார்கள். அதற்கு முன் வாங்கிவிடு.

உன் கடிதத்தை அப்பா மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மதகுக்குப் போய்விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா,
நேல்ச்சே


வெஸ்ட்பிளாட்,
12 அக்டோபர்

மகன் மரீனஸுக்கு,

தேவகிருபையால் இங்கே இருவரும் நலமாயிருக்கிறோம். அங்கே உன் உடம்பும் அவ்விதமே இருக்குமென்று நம்புகிறேன்.

வீட்டுக்காரம்மா மீன் வாரத்துக்கு எத்தனை நாள் போடுகிறாள்? சன்னல் பக்கத்துக் கட்டிலை மாற்றிப் போடச் சொன்னேனே, போட்டாளா? வெங்காயம் இந்த வருடம் பரவாயில்லை. வடமேற்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்ததில் மதகின் கிழக்குக் கதவு இறுகிப் போயிற்று. இப்போது சரியாகிவிட்டது.

படகுக்காரரிடம் ஒரு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். குதிரைக்குப் போடும் தைலம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குக் கால் விறைக்கும். முழங்காலுக்கு மேலிருந்து கீழே தேய்க்க வேண்டும், கீழிருந்து மேலே அல்ல. ஈரத்தில் நனைந்து வந்தால் உடனே தேய்.

கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

தகப்பன்,
க்ரெய்ன் டீலமான்


ரோட்டர்டாம்,
9 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு என்னைத் திட்டிக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேரம்தான் இல்லை.

அப்பாவின் தைலம் வந்தது. எழுதுகிறவனுக்குக் கால் விறைக்குமாம். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் சமாச்சாரம் நல்ல சமாச்சாரம். இப்போது அணி முழுவதும் அதைத்தான் தேய்க்கிறது. நாங்கள் மைதானத்தில் இறங்கினால் எதிரணிக்கு முதலில் குதிரை லாயம் வருகிறது, பிறகுதான் நாங்கள் வருகிறோம்.

எட்டு ஆட்டம், பதினாறு கோல். சனிக்கிழமை முகம் மழிக்கப் போனேன். கடைக்காரர் என் தாடையில் கத்தியை வைத்துக்கொண்டு, "காஸ்டலைன் ஆட்டம் பாத்திருக்கீங்களா சார்? ஆளு ஆறரை அடி. கையி ஒவ்வொண்ணும் துடுப்பு மாதிரி" என்றார். நானும் ஆமாம் என்றேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது வேறென்ன சொல்வது?

சான்று விஷயம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதை இங்குள்ள போதகரிடம் கொடுத்தால் ஞாயிறு காலையும் பிற்பகலும் ஆராதனையில் என்னைத் தேடுவார். பிற்பகல் ஆராதனை இரண்டு மணிக்கு. ஆட்டமும் இரண்டு மணிக்கு. குளிர்காலம் போகட்டும், பார்க்கலாம்.

ஒரு தரம் அப்பாவிடம், "நீங்க மட்டும் ஞாயித்துக்கிழமை மதகு தொறக்கலாமா?" என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? "தண்ணிக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது. உனக்குத் தெரியும்ல" என்றார். அந்த மாதிரி ஏதாவது இப்போதும் சொல்லமாட்டாரா என்று இருக்கிறது. மீனைக் கேட்கிறார், கட்டிலைக் கேட்கிறார். நான் எப்படி இருக்கிறேன், யாரோடு பழகுகிறேன், எது எனக்குச் சந்தோஷம், ஒன்றும் கேட்பதில்லை. நான் ஜாவாவுக்குக் கப்பல் ஏறியிருந்தாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும். ஊரே பார்த்துக் கைதட்டுகிறது, அக்கா. பெற்றவருக்கு நான் இன்னும் மீன் தின்கிற ஒரு வாய்தான். இதை எழுதும்போது அழுகை வருகிறது. அதையும் அடுப்பில் போடு.

தம்பி,
மரீனஸ்


வெஸ்ட்பிளாட்,
3 டிசம்பர்

அன்புத் தம்பிக்கு,

எங்கள் இருவருக்கும் சுகக் குறைவு இல்லை. உனக்கு இரண்டு ஜோடி காலுறை பின்னி வைத்திருக்கிறேன். படகு வரட்டும்.

மூப்பர்கள் வந்து போனார்கள். மூப்பர் வீட்டுக்கும் மூப்பர்கள் வருவார்கள், அது நம் வழக்கம். ரொட்டிக்கடைக் கூய்மனும், பீட்ரூட் போடுகிற பெரிய பண்ணைக்காரரும் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பாவை ஜெபத்தைப் பற்றிக் கேட்டார்கள், என்னை வேத வாசிப்பைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு கூய்மன் தொண்டையைச் செருமினார்.

"பையன் எப்படி இருக்கான், க்ரெய்ன்?"

"நல்லா இருக்கான்."

"அங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறானா?"

நான் காப்பிக் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெண்டி மூடி தாளம் போட்டது.

"நான் கேட்டதில்ல" என்றார் அப்பா.

"கேக்கலாமே."

"கேக்கலாம்."

கூய்மன் நல்ல மனுஷர். "காப்பி ஆறுது" என்று பேச்சை மாற்றினார். அவர்கள் போனதும் அப்பா மதகுக்குப் போனார். கடல்நீர் ஏறி மதகை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எதற்குப் போனார் என்று தெரியவில்லை.

ஒரு பக்கம் எனக்கு உயிர் வந்தது. இன்னொரு பக்கம் உன் மேல் கோபம். நீ அங்கே காலை வீசுகிறாய், இங்கே கெண்டி மூடி ஆடுகிறது.

அப்பா உன்னைக் கேட்பதே இல்லை என்று எழுதியிருந்தாய். அவர் கேட்காமல் இருப்பதால்தான் நீ ஆடிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கேள்வி வேண்டுமென்று ஆசைப்படாதே.

அக்கா,
நேல்ச்சே


ரோட்டர்டாம்,
17 பிப்ரவரி 1910

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை சரியாக இருக்கிறது, நன்றி. குளிரில் இடது முழங்கால் கொஞ்சம் முணுமுணுக்கிறது. வேறு குறை ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நாட்டு அணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மார்ச் பதின்மூன்று, ஞாயிறு, ஆண்ட்வெர்ப்பில் பெல்ஜியத்தோடு ஆட்டம். சட்டை ஆரஞ்சு நிறம். அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பைத்தியம் மாதிரி நின்றேன்.

ஆனால் ஆட்டத்துக்கு முன் அணியை நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். நாடு முழுவதும் போகிற படப் பத்திரிகையில் அது வரும். கீழே காஸ்டலைன் என்று போடலாம். மேலே இருக்கிற மூஞ்சி டீலமானுடையது. அதைப் பார்த்தால் நம் ஊரில் கறவை மாட்டுக்குக்கூட என்னைத் தெரிந்துவிடும்.

நீ வேண்டாம் என்று எழுது, நான் முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிடுகிறேன். ஆடு என்று எழுதினால் ஆடுகிறேன். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் இது ஒரு தடவைதான் வரும். அப்பா மூப்பராக இருந்த பதினான்கு வருடமும் ஒரு தடவைதான்.

தம்பி,
மரீனஸ்


வெஸ்ட்பிளாட்,
27 பிப்ரவரி

மரீனஸுக்கு,

சுகம். அவ்வளவு போதும் இன்றைக்கு.

'ஆட வேண்டாம்' என்று எழுதி மூன்று தாளைக் கிழித்தேன். 'ஆடு' என்று எழுதி மூன்று. தாள் என்ன, தண்ணீரா? உன் முடிவை என் தலையில் கட்ட உனக்கு எப்படி மனசு வந்தது? அம்மா போன நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லா முடிவும் என் தலையில்தான் விழுகிறது. எனக்கு இருபத்தெட்டு வயது. ரோட்டர்டாமை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் பல் பிடுங்க.

அப்பாவிடம் கேள் என்று சொல்லலாம் என்றால் அதுவும் முடியாது. நீ சொன்ன நிமிடம் அவர் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். தெரிந்தால் உன்னைக் கூட்டத்துக்கு இழுத்துப்போக வேண்டும். யோஸ்டை இழுத்தவர் உன்னை விட்டால் ஊர் சிரிக்கும். இழுத்தால் அவர் உள்ளே உடைந்துவிடுவார். இதில் எந்தப் பக்கம் நான் நிற்பது?

நேற்று துணி துவைக்கும்போது அந்த ஆரஞ்சு சட்டையை நினைத்தேன். அம்மா உனக்கு ஐந்து வயதில் ஒரு பந்து தைத்துக் கொடுத்தாள், பழைய கோட்டுத் துணியில். அதை நீ மதகுக்குள் உதைத்துவிட்டு நாள் முழுக்க அழுதாய்.

ஆடு. நான் சொல்லித்தான் ஆடினாய் என்று மட்டும் எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லாதே.

நேல்ச்சே


ரோட்டர்டாம்,
15 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வென்றோம். கடைசிக் கோல் என்னுடையது. வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது, நான் அடிக்கவே இல்லை, தானாகக் காலில் பட்டுப் போன மாதிரி இருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலிருந்து பார்த்தால் தொப்பிதான் தெரிந்தது, ஆயிரக்கணக்கில் தொப்பி.

படம் எடுத்தார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். பெட்டி மாதிரி இருந்த கருவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. குனியவில்லை.

ஒவ்வொரு வாரமும் அப்பாவுக்கு எழுதுகிறவன் இந்த வாரம் எழுதவில்லை. மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அவர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

மரீனஸ்


வெஸ்ட்பிளாட்,
10 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் இருமல்கூடக் குறைந்திருக்கிறது.

புதிதாக ஆறு கோழி வாங்கினேன். மூன்று பழுப்பு, மூன்று கறுப்பு. பழுப்பு மூன்றும் நன்றாக முட்டையிடுகின்றன. கறுப்பில் ஒன்று சோம்பேறி, இன்னொன்று எல்லாவற்றையும் கொத்துகிறது. கூண்டுக்குத் தார் பூசினோம். உருளைக்கிழங்கு ஊன்றியாகிவிட்டது. மணிக்கூண்டுக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது, சரி செய்ய ஆள் வரவேண்டும்.

கோயிலில் அப்பா இப்போது மூப்பர் பெஞ்சில் உட்காருவதில்லை. பின்னால் நம் வரிசைக்கு வந்துவிட்டார். அந்தப் பக்கக் கதவிடுக்கில் காற்று அதிகமாம், இருமலுக்கு ஆகவில்லையாம். எனக்கு ஒரு பக்கம் அவர், அவருக்கு அந்தப் பக்கம் யோஸ்ட். பிரசங்கம் நடக்கும்போது பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தார். பதினான்கு வருடத்தில் அப்பா கையால் பெப்பர்மின்ட் வாங்கியது இதுதான் முதல் தடவை. பிறகு யோஸ்டுக்கும் ஒன்று நீட்டினார். யோஸ்ட் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், வாயில் போடவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
நேல்ச்சே


ரோட்டர்டாம்,
18 ஏப்ரல்

அக்காவுக்கு,

உன் கோழிகளை நான் நம்பவில்லை. நீ கோழியைப் பற்றி இத்தனை வரி எழுதினால் வீட்டில் ஏதோ இடிந்திருக்கிறது என்று அர்த்தம். பதினான்கு குளிர்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஏப்ரல் மாதத்தில் காற்று ஆகவில்லையா?

படம் வந்துவிட்டதல்லவா? அவரைத் தள்ளினார்களா? அத்தனை பேர் முன்னால் அவரை எழுந்திருக்கச் சொன்னார்களா? யார் சொன்னது, கூய்மனா? நீ சொன்னால் படகில் வந்து அந்தக் கூட்டத்தில் நின்று நான் கேட்கிறேன். குற்றம் என்னுடையது, என்னை வெளியே அனுப்பட்டும்.

இந்த ஞாயிறு நான் ஆடப்போவதில்லை. இனி ஆடுவேனா என்றும் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கோலுக்கு என் அப்பாவின் இடத்தை விற்றுவிட்டேன்.

மறைக்காமல் எழுது.

மரீனஸ்


வெஸ்ட்பிளாட்,
26 ஏப்ரல்

மகன் மரீனஸுக்கு,

இங்கே நலம். நீ அங்கே சரியாகச் சாப்பிடவில்லை என்று நேல்ச்சேயிடமிருந்து அறிந்தேன். சாப்பிடு.

நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனாள். நெடுநேரம் தீனி போட்டாள். நான் படிக்க வேண்டும் என்றுதான் வைத்தாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே இந்தப் பதிலை நான் எழுதுகிறேன்.

என்னை யாரும் தள்ளவில்லை. கூட்டத்தில் கூய்மன் ஒரு பத்திரிகையை மடித்தபடி மேசையில் வைத்தார். அதன் மேலெல்லாம் மாவு. "ரெண்டு வாரமா மாவுப் பீப்பாயில ஒளிச்சு வச்சிருந்தேன், க்ரெய்ன். என்னால முடியல. நீங்களே பாத்துருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாக்கறதுக்கு முன்னால நான் எந்திரிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் பெஞ்சை விட்டு விலகினேன். மூப்பர் பொறுப்பு இனி வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரியும், மரீனஸ். செப்டம்பரிலேயே தெரியும். நேல்ச்சே வாங்கி வந்த சோப்பைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் உன் அம்மாவின் பெயர் இருந்தது. ரோட்டர்டாமில் ஒரு காஸ்டலைன் இடது காலால் பந்து உதைக்கிறான் என்று போட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து என் மதகுக் கதவில் இடது காலால் உதைத்தவன் யார் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் தைலம் அனுப்பினேன்.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். நீ பொய் சொல்லியிருப்பாய், அந்தப் பொய்க்கு நான் காரணம் ஆகியிருப்பேன். அல்லது உண்மையைச் சொல்லியிருப்பாய், அதை நான் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருப்பேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன் கேட்ட பதிலைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மீனையும் கட்டிலையும் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் பேனாவை வைக்குமுன் அந்த ஒன்றைக் கேட்க வேண்டுமென்று இருக்கும். கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று எழுதி முடிப்பேன். அதுவும் பொய்தான்.

யோஸ்டிடம் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. அது நியாயமில்லை. படம் வராவிட்டாலும் என்றைக்காவது நான் எழுந்திருக்க வேண்டியவன்தான். யோஸ்டிடம் போய்ச் சொன்னேன். "உக்காரு க்ரெய்ன், உன் பூட்ஸுல ஆணி எகிறியிருக்கு" என்றான். அடித்துக் கொடுத்தான்.

நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. கூட்டத்திலிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும். அதற்கு நீயே பதில் எழுது, நான் குறுக்கே வரமாட்டேன்.

அந்தப் படத்தைக் கூய்மன் பிறகு என்னிடம் கொடுத்தார். மாவைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது உன் அம்மா நிற்பது மாதிரியே இருக்கிறது.

இப்போது நான் மூப்பர் இல்லை. எனக்குத் தெரிந்ததை யாரிடமும் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆகவே கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று?

அப்பா


ரோட்டர்டாம்,
28 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். சாப்பிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன், வீட்டுக்காரம்மா பயந்துவிட்டாள்.

ஆடமாட்டேன் என்று அக்காவுக்கு எழுதியிருந்தேன். ஆடினேன். ஒரு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றரைக்கு மைதானத்தில் நின்றேன். இடையில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன், மேலிருந்து கீழே.

தோற்றோம். முதல் பாதியில் நான் நன்றாகத்தான் ஓடினேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பந்து எனக்குக் கிடைத்தது. கோல்கீப்பர் தரையில் விழுந்து கிடந்தார். முன்னால் யாரும் இல்லை. நேல்ச்சே அக்கா பாவாடையைத் தூக்கிக்கொண்டு உதைத்திருந்தாலும் உள்ளே போயிருக்கும். நான் கம்பத்துக்கு மேலே அடித்தேன். உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை.

எல்லாரும் முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். திங்கட்கிழமைப் பத்திரிகையில், கடலிலிருந்து வந்த திடீர்க் காற்று காஸ்டலைனின் பந்தைத் தூக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். நானும் எல்லாரிடமும் ஆமாம், காற்றுதான் என்றே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் மதகில் நின்றிருப்பீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். காற்றே இல்லை, அப்பா.

உங்கள் மகன்,
மரீனஸ்